அட்டையைக் காட்டினால் குளிசை தராத பாமசி

வெறும் குளிசை அட்டையைக் காட்டி டிரமடோல் என்ற நோக் குளிசையை வாங்கிக்கொண்டு வரலாம் என்று நினைப்பவர்களுக்கு இந்தக் கடை சரிவராது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு பஸ் காசு வீணாய்ப் போனதென்று என்னைத் திட்ட வேண்டாம். கிளிநொச்சி நகரத்தில், ஏ9 வீதியை விட்டு உள்ளே இறங்கும் ஒரு சின்ன வீதியில் இருக்கிறது. பெயரைப் போடவில்லை. எழுதப் போகிறேன் என்று சொன்னபோது கடையை நடத்தும் பெண், “பெயர் வேண்டாம் அக்கா, இப்ப சண்டைக்கு வாற ஆக்களே காணும்” என்றார். ஆனாலும் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. “கேள்வி கேக்கிற மிஸ்ஸின்ர பாமசி எது?” என்று விசாரித்தால் ஆட்டோக்கார அண்ணைமார் கை காட்டுவார்கள்.

நான் தருமபுரத்தில் தையல் வேலை செய்கிறேன். நூல், லைனிங் துணி, சிப், பட்டன் எல்லாவற்றுக்கும் கிளிநொச்சிக்குத்தான் வர வேண்டும். ஸ்கூட்டி வைத்திருக்கிறவள் நகரத்துக்குப் போகிறாள் என்றால் ஒழுங்கை முழுவதற்கும் தெரிந்துவிடும். படலையடியில் நின்று வெற்று அட்டையை நீட்டுவார்கள். “பிள்ளை, இதில ரெண்டு அட்டை வாங்கி வா.” என் கைப்பையில் அளவு நாடாவோடு எப்போதும் நாலைந்து அட்டை கிடக்கும். எங்கள் ஒழுங்கையில் யாருக்கு என்ன வருத்தம் என்று கிராம சேவகரை விட எனக்குத்தான் கூடத் தெரியும். அந்த அட்டைகளில் பிரசர் குளிசையும் சீனிக் குளிசையும் குறைவு. அவை கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. மிச்சம் முழுக்க நோக் குளிசை.

ஏன் என்று வன்னியில் இருப்பவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. களை பிடுங்கி, மருந்தடிக்கும் தாங்கியை முதுகில் சுமந்து, நெல் மூட்டை தூக்கி நாரி விட்டுப்போன ஆட்கள். போர் முடிந்த 2009க்குப் பிறகும் உடம்புக்குள் ஷெல் பீஸோடு நடமாடுகிறவர்கள். ஒரு கால் போய், மற்றக் காலில் முழுப் பாரத்தையும் போட்டு அந்த மூட்டும் தேய்ந்தவர்கள். நோ பொய்யில்லை. அதனால்தான் வெளியூரிலிருந்து வந்து “குளிசை பாவிக்காதீர்கள்” என்று கூட்டம் வைத்துவிட்டு, மிக்சர் பக்கெற்றும் சோடாவும் கொடுத்துப் போகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். இந்தப் பாமசியில் அப்படி யாரும் சொல்வதில்லை. இதை எழுத அதுவே பாதிக் காரணம்.

மற்றக் கடைகளில் நடப்பது இது. அட்டையை நீட்டுவீர்கள். கவுண்டரில் நிற்கும் பெடியன் நிறத்தைப் பார்ப்பான், லாச்சியை இழுப்பான், கேட்ட அளவுக்குக் கத்தரிக்கோலால் வெட்டி ஒரு கடதாசி உறைக்குள் போட்டுக் காசை வாங்குவான். இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்தது. வெட்டிய துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும். காலாவதித் திகதி வேறு யாருக்கோ போன மற்றப் பாதியில் இருக்கும். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. எல்லா ஊரிலும் ஒன்று இருக்கிறது.

இங்கே இருபது நிமிடம் பிடிக்கும். “இது ஆருக்கு அக்கா? என்ன வயசு? எத்தனை மாசமாய்ப் போடுறா? பிரசர் இருக்கோ? கால் வீங்கிறதோ? வயித்தால போறது கறுப்பாய்ப் போறதோ?” இத்தனையும் பின்னால் நிற்கிற பத்துப் பேர் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருக்க. இரண்டாம் முறை போகும்போது கேள்வி குறையும் என்று எதிர்பார்த்தால் அதுவும் இல்லை. மிஸ்ஸிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. நான் ஆருக்கு என்ன வாங்கினேன் என்று அதில் எழுதி வைத்திருக்கிறார். “போன முறை இதே ஆளுக்கு முப்பது கொண்டு போனீங்கள், அதுக்குள்ள முடிஞ்சிட்டோ?” என்று கேட்பார். பதில் சொல்ல எனக்கு வழியில்லை, நான் தபால்காரிதானே.

சுவரில் அவருடைய மருந்தாளர் பதிவுச் சான்றிதழ் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. மருந்தாளர் கடையில் இல்லாத நேரம் டொக்டர் எழுதிய மருந்துத் துண்டுக்கு மருந்து கொடுக்கக் கூடாது என்பது அவர் பிடிவாதம். அவர் சாப்பிடப் போனால் உதவிக்கு நிற்கும் பிள்ளை சவர்க்காரமும் பம்பர்சும் மட்டும்தான் விற்கும். சான்றிதழுக்குப் பக்கத்தில் பேராசிரியர் சேனக பிபிலேயின் படம். 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் தொடங்கியபோது அதற்குத் தலைமை தாங்கியவர். கம்பனி வைக்கிற பெயரை விட்டு மருந்தின் சொந்தப் பெயரால் வாங்க வேண்டும், விற்க வேண்டும் என்று போராடியவர். பாமசிச் சுவரில் லட்சுமி படம் பார்த்திருக்கிறேன், கிரிக்கெட்காரர் படம்கூடப் பார்த்திருக்கிறேன். இவர் படத்தை இங்கேதான் பார்த்தேன். அலங்காரத்துக்குத் தொங்கவில்லை என்பது ஆச்சியின் அட்டைகளைக் கொண்டுபோன நாளில் விளங்கியது.

ஆச்சி எங்கள் பக்கத்து வீடு. முழங்கால் நோ. மூன்று விதமான அட்டை தந்துவிட்டார்: சிவப்பு எழுத்தில் ஒன்று, நீலத்தில் ஒன்று, வெள்ளிப் பக்கம் முழுக்க ஆங்கிலமாய் ஒன்று. ஒன்று இங்கே வாங்கியது, ஒன்று ஏதோ டிஸ்பென்சரியில் கிடைத்தது, மற்றது கொழும்பிலிருந்து மகள் அனுப்பியது. காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, இரவில் ஒன்று. மூன்றும் மூன்று மருந்து என்பது ஆச்சியின் கணக்கு. ஒன்று கேட்காவிட்டால் மற்றது கேட்கும். மிஸ் அவற்றைக் கண்ணாடி மேசையில் வரிசையாக வைத்துப் பெரிய பெயருக்குக் கீழே இருக்கும் குட்டி எழுத்தை விரலால் காட்டினார். டைக்ளோபெனாக். டைக்ளோபெனாக். டைக்ளோபெனாக்கும் பரசிற்றமோலும். முதலாவது 50 மில்லிகிராம், இரண்டாவது மெதுவாகக் கரையும் 100, மூன்றாவதில் இன்னுமொரு 50. பெரிய ஆளுக்கே ஒரு நாளைக்கு 150தான் உச்சம். எழுபது கடந்த ஆச்சி ஒவ்வொரு நாளும் 200 எடுத்திருக்கிறார், அதுவும் ஒரு வருடத்துக்கு மேலாக. 2022இல் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு கம்பனிக் குளிசை கிடைத்த காலத்திலாவது அட்டையின் நிறத்தை நம்புகிற பழக்கத்தை நாங்கள் விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

“ஆச்சி பிரசருக்கு என்ன எடுக்கிறவ?” நல்லகாலம், கிளினிக் கொப்பியைப் படம் பிடித்துப் போனில் வைத்திருந்தேன். லோசார்டன், கூடவே நீர் போகிற குளிசை ஒன்று. மிஸ்ஸின் முகம் மாறியது அப்போதுதான்.

அவர் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். டைக்ளோபெனாக், இபுபுரோபென், மெபனமிக் அசிட், நப்ரொக்சன் எல்லாம் ஒரே குடும்பம். நோவையும் வீக்கத்தையும் உண்டாக்கும் புரோஸ்டகிளாண்டின் என்ற பொருளை உடம்பு சுரக்காமல் தடுப்பதுதான் இவற்றின் வேலை. சிக்கல் என்னவென்றால், அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைக் காக்கிறது. உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு இரத்தம் போகும் குழாயை விரித்து வைத்திருப்பதும் அதுதான். முழங்காலில் மட்டும் தடுத்துவிட்டு மற்ற இடங்களில் விட்டுவிடு என்று குளிசைக்குச் சொல்ல முடியாது. நீர் போகிற குளிசை உடம்பின் நீரைக் குறைக்கிறது. லோசார்டன் சிறுநீரகத்திலிருந்து இரத்தம் வெளியேறும் பக்கக் குழாயைத் தளர்த்தி அங்கே அழுத்தத்தை இறக்குகிறது. டைக்ளோபெனாக் உள்ளே வரும் பக்கத்தைச் சுருக்குகிறது. “குளத்தில தண்ணி வத்தின நேரம் துருசையும் சாத்தினா வயலுக்கு என்னக்கா போகும்?” என்றார் மிஸ். இரணைமடுக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்கிற வீட்டில் பிறந்தவளுக்கு அதற்கு மேல் பாடம் வேண்டாம்.

இதில் கூடாத விஷயம், சிறுநீரகம் நோவைக் காட்டித் தராது. கால் வீங்கி, முகம் ஊதி, சாப்பாடு பிடிக்காமல் போகும்போது பெரும்பகுதி போயிருக்கும். அதற்கு முன்னர் காட்டித் தருவது கிரியட்டினின் என்ற இரத்தப் பரிசோதனைதான். மிஸ் ஒரு சின்னத் தாளில் மூன்று அட்டையின் விபரத்தையும் எழுதி, “அடுத்த கிளினிக்குக்கு இதைக் கொப்பிக்குள்ள வைச்சுக் குடுங்கோ, கிரியட்டினின் பாக்கச் சொல்லிக் கேளுங்கோ” என்று தந்தார். டைக்ளோபெனாக் தரவில்லை. பனடோல், அதாவது பரசிற்றமோல், தந்தார், எப்படிப் போடுவது என்று உறையில் தமிழில் எழுதி, முழங்காலில் பூசுகிற ஜெல் ஒன்றோடு. ஆச்சிக்குப் பெரிய கோபம். “கடைக்காரி என்ன டொக்டரோ?” என்று என்னைத்தான் ஏசினார். ஆனால் கிளினிக்கில் பார்த்தபோது கிரியட்டினின் கூடித்தான் இருந்தது. குளிசையை நிறுத்திய பிறகு நல்லவேளையாக இறங்கியது. எல்லோருக்கும் இறங்குவதில்லை.

எங்கள் மாமாவுக்கு இறங்கவில்லை. வயல் வேலைக்கு முதல் ஒன்று, வந்த பிறகு ஒன்று என்று வருடக்கணக்காகப் போட்டவர். பங்குனி வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வரம்பில் நின்று, வியர்வையாய் எல்லாம் போன உடம்பில் குளிசை. இப்போது வாரத்தில் இரண்டு முறை இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். டொக்டர் குளிசையை மட்டும் குற்றம் சொல்லவில்லை. பிரசரும் இருந்தது, வெயிலும் இருந்தது. வடமத்திய மாகாணத்தில் 1990களிலிருந்து கமக்காரர்களை வீழ்த்திவரும் அந்தக் காரணம் தெளிவாகாத சிறுநீரக நோய் வவுனியாப் பக்கமும் இருக்கிறது. ஆக, இந்த மண்ணில் வேலை செய்கிறவனின் சிறுநீரகத்துக்கு ஏற்கெனவே சுமை அதிகம். அதற்கு மேல் குளிசையையும் ஏற்றக் கூடாது என்பதுதான் மிஸ்ஸின் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

ஒருநாள் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற ஐயா ஒருவர் விடவில்லை. “இதைத்தானே பிள்ளை மாட்டுக்கும் ஊசியாய்ப் போடுறவை? மாடே நல்லாய்த்தானே நிக்குது!” மிஸ் சிரித்துக்கொண்டே, இந்தியாவில் டைக்ளோபெனாக் ஊசி போட்ட மாடுகள் செத்த பிறகு அவற்றைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் பழுதாகிக் கூட்டங்கூட்டமாகச் செத்ததையும், 2006இல் அங்கே அதை மாட்டுக்குப் போடத் தடை வந்ததையும் சொன்னார். மனிதனுக்குக் கழுகு அளவுக்கு உடனே தாக்காது என்பதையும் அவரே சொன்னார். பயமுறுத்துகிறவர்கள் அந்த இரண்டாவது பாதியைச் சொல்ல மாட்டார்கள். ஐயா பனடோலோடு போனார், முணுமுணுத்துக்கொண்டு.

வயிற்றுக் கதை எல்லோருக்கும் ஓரளவு தெரியும். “காஸ்ரிக் குளிசையும் சேர்த்துத் தாங்கோ, பிறகு ஒண்டும் செய்யாது” என்று கேட்பவர்கள் அதிகம். ஒமெப்ரசோல் இரைப்பைக்குத்தான் காவல். கீழ்க்குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் அல்ல. புண் வந்தாலும் சிலருக்கு நோ தெரியாது, நோவை மறைக்கிற குளிசையைத்தானே போட்டுக்கொண்டிருக்கிறார்கள். கொஞ்சம் கொஞ்சமாக இரத்தம் கசிந்து, ஏன் இளைக்கிறது, ஏன் படியேற முடியவில்லை என்று தெரியாமலே இரத்தச் சோகை வரும். அதற்குத்தான் அந்தக் கறுப்புக் கேள்வி. நாற்பது வயது அண்ணைமாரிடம் பத்துப் பேர் முன்னால் அதைக் கேட்பது ஒரு காட்சிதான்.

இருதயம் பற்றித்தான் யாருக்கும் தெரிவதில்லை. இந்தக் குடும்பக் குளிசைகள் பிரசரைக் கூட்டும், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், நீண்ட காலம் கூடிய அளவில் எடுத்தால் மாரடைப்பும் பாரிசவாதமும் வரும் வாய்ப்பை ஏற்றும். டைக்ளோபெனாக் இதில் முன்வரிசை. வயிற்றைப் புண்ணாக்காத நல்ல சாதிக் குளிசை என்று வந்த ரோபெகொக்சிப்பை இந்தக் காரணத்துக்காகத்தான் 2004இல் கம்பனியே உலகம் முழுவதும் திருப்பி எடுத்தது. விலை கூடிய புதுக் குளிசை கேட்டு வருகிறவர்களுக்கு மிஸ் இதைச் சொல்வார். விலை கூடியதை விற்றால் அவருக்குத்தான் லாபம் என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

சரி, டிரமடோலுக்கு வருவோம். சண்டை எல்லாம் அதற்குத்தான்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு அண்ணைக்கு முள்ளந்தண்டுக்குப் பக்கத்தில் பீஸ் இருக்கிறது. எடுக்கப் போனால் கால் விளங்காமல் போகலாம் என்று டொக்டர்மார் விட்டுவிட்டார்கள். கிளினிக்கில் டிரமடோல் 50 எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். முறையான துண்டு, முறையான காரணம். முதலில் இரவில் ஒன்று போட்டார். பிறகு காலையிலும். பிறகு துண்டில் உள்ளது காணாமல், வெற்று அட்டையை என்னிடம் தரத் தொடங்கினார். மிஸ் துண்டின் திகதியைப் பார்த்தார், கொப்பியைப் பார்த்தார், தரவில்லை. அண்ணை அடுத்த முறை தானே வந்தார், ஊன்றுகோலை மேசையில் அடித்து ஏசினார். நான் அங்கே நின்றேன். மிஸ் குரலை உயர்த்தவில்லை. “அண்ணை, உங்கட நோ பொய் எண்டு நான் சொல்லேல்ல. இந்தக் குளிசை உங்களை இப்ப ஏமாத்துது எண்டுதான் சொல்லுறன்.”

டிரமடோல் பனடோல் குடும்பமும் இல்லை, டைக்ளோபெனாக் குடும்பமும் இல்லை. அபின் வகை. ஜெர்மனிக்காரர் 1962இல் செய்து 1977இல் விற்பனைக்கு விட்டது. பழக்கமாகாத அபின் என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. உடம்பு பழகிவிடும்: நேற்று ஒன்று செய்த வேலைக்கு இன்று இரண்டு வேண்டும். சிலருக்கு அதற்கும் மேலே போய், குளிசையே நரம்பை உசுப்பி நோவைக் கூட்டிவிடும். ஒரு நாளைக்கு 400 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டினால் வலிப்பு வரும் ஆபத்து ஏறுகிறது. வேறு சில மருந்துகளோடு, குறிப்பாக மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகளோடு சேர்ந்தால் எல்லைக்குள்ளேயே வரலாம். வன்னியில் மனச்சோர்வுக் குளிசை எடுக்கிறவர் கொஞ்சப் பேரா? அதைக் கடையில் வாய் விட்டுச் சொல்கிறவர்கள்தான் இல்லை.

வருடக்கணக்கில் எடுத்தால் வருவது வேறு பட்டியல், அதை மிஸ் ஆண்களிடம் எப்படிச் சொல்வதென்று கஷ்டப்படுவார். மலச்சிக்கல் முதலாவது. மற்ற எல்லாவற்றுக்கும் பழகிக்கொள்ளும் உடம்பு இதற்கு மட்டும் பழகுவதில்லை, குளிசை போடும் வரை குடல் மந்தம்தான். ஆண் ஹோர்மோன் குறைகிறது. ஆசை போகும், உடம்பு தளரும், எலும்பு மெலியும். பெண்களுக்கு மாதவிலக்கு குழம்பும். எலும்பு மெலிந்த ஆள், தலை கிறுகிறுத்து இரவில் கிணற்றடிக்குப் போய் விழுந்தால் இடுப்பு முறிந்து படுக்கைதான். நித்திரையில் மூச்சு இடையிடையே நின்று நின்று வரும். இதற்கு மேலே கசிப்புச் சாராயமும் சேர்ந்தால் ஒரு இரவில் மூச்சு நின்றே போகலாம். எழுப்ப எழுப்ப எழும்பாமல், மூச்சு மெதுவாகி, உதடு நீலமாகும் ஆளைத் “தூங்கட்டும்” என்று விடாமல் 1990க்குப் போன் அடிக்க வேண்டும் என்று கவுண்டர் கண்ணாடியில் ஒட்டி வைத்திருக்கிறார். அந்த அம்புலன்ஸுக்குக் காசில்லை.

அண்ணைக்கு என்ன நடந்தது? மிஸ் ஒன்றுமே கொடுக்காமல் அனுப்பவில்லை. திடீரென்று நிறுத்தினால் வியர்வை, வயிற்றோட்டம், உடம்பு முழுக்க உளைவு, நித்திரையின்மை, பதற்றம் எல்லாம் வரும். அதைத் தாங்க முடியாமல்தான் பலர் களவாக வாங்கப் போகிறார்கள். துண்டில் எழுதிய அளவைக் கொடுத்து, கிளினிக் டொக்டருக்கு அவர் கண் முன்னாலேயே போன் எடுத்துப் பேசினார். இப்போது டொக்டர் மாதத்துக்கு மாதம் அளவைச் சின்னச் சின்னதாக இறக்குகிறார், பிசியோதெரபிக்கும் போடுகிறார். நோ போகவில்லை. அண்ணை அதை ஒளிக்காமல் சொல்வார், “நோ அப்பிடியேதான் கிடக்கு. ஆனா மத்தியானச் சோறு செமிக்குது.” மிஸ்ஸோடு அவர் இன்னும் கதைப்பதில்லை. மருந்து மட்டும் அங்கேதான் வாங்குகிறார்.

பெடியளின் கதை வேறு. பின்னேரத்தில் மோட்டார் சைக்கிளில் மூன்று பேராக வந்து, ஒருவன் மட்டும் இறங்கிப் பிரெகபலின் கேட்பான். அது நரம்பு நோவுக்கும் வலிப்புக்கும் கொடுக்கும் மருந்து. அதோடு பிடிபட்டவர்கள் என்ற செய்தி பேப்பரில் வந்தபடியே இருக்கிறது. மிஸ் “துண்டு?” என்பார். “மறந்து போச்சு மிஸ்.” “நான் மறக்கேல்ல தம்பி.” அவ்வளவுதான். ஒருமுறை ஒருவன் கண்ணாடியில் கல்லெறிந்துவிட்டு ஓடினான், விரிசலுக்கு மேல் செலோடேப் இன்னும் இருக்கிறது. குளிசையைத் தூளாக்கி ஊசியில் ஏற்றுகிறவர்களும் இருக்கிறார்கள் என்று கேள்வி. குளிசையை உருட்டச் சேர்க்கும் பவுடர் கரையாமல் நுரையீரலின் சின்னக் குழாய்களில் போய் அடைத்துத் தழும்பாகிவிடும் என்று மிஸ் சொன்னார். அது நல்ல மருந்துதான், ஆனால் வாயால் போகச் செய்த மருந்து.

பனடோலையும் சும்மா நினைக்க வேண்டாம். 500 மில்லிகிராம் குளிசை நாளுக்கு எட்டுத்தான், அதாவது 4 கிராம். அதற்கு மேல் போனால் ஈரல். மெலிந்தவர்களுக்கும் குடிக்கிறவர்களுக்கும் அதைவிடக் குறைவு. தடிமன் குளிசைக்குள்ளேயும் அதுவே இருக்கிறது என்பதை நான் இங்கேதான் அறிந்தேன். தலையிடிக்கு மாதத்தில் பதினைந்து நாளுக்கு மேல், மாதக்கணக்காக அதைப் போட்டால் அந்தக் குளிசையாலேயே தலையிடி வரும். ஊசிமுனையைப் பார்த்துப் பார்த்துத் தலையிடி வாங்கும் தையல்காரிகள் கவனிக்க.

நோ ஊசி இங்கே போடுவதில்லை. “ஊசி போட்டால்தான் கேக்கும்” என்று வருகிறவர்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுகிறார். தவறான இடத்தில் குத்தினால் சீழ் கட்டும். பெரிய நரம்பில் பட்டால் பாதம் தொங்கிப்போகும். பெயரில்லாத கலர் குளிசைகளைக் கடதாசியில் மடித்துத் தரும் இடங்களிலிருந்து யாரும் மிச்சத்தைக் கொண்டுவந்து காட்டினால், என்ன மருந்து என்று கேட்டு எழுதி வாங்கிவரச் சொல்வார். அதில் ஸ்டீரொயிட் இருந்தால் நோ உடனே ஓடிவிடும், சீனி ஏறும், முகம் உப்பும், எலும்பு மெலியும். திடீரென்று நிறுத்தினால் அதுவும் ஆபத்து.

குறைகளுக்கு வருகிறேன், இருக்கின்றன. அந்தரங்கம் என்பது அறவே இல்லை. மலச்சிக்கல், மாதவிலக்கு, மனநலக் குளிசை எல்லாம் வீதிக்குக் கேட்கக் கேட்கப் பேசப்படுகிறது. ஒரு மூலையில் திரை போட எவ்வளவு செலவாகும்? துணி வாங்கித் தந்தால் நானே தைத்துக் கொடுப்பேன், சொல்லியும் விட்டேன். உதவிக்கு நிற்கும் பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்கிறது. கேட்ட மருந்து பாதி நேரம் இருப்பில் இல்லை. விலையும் பக்கத்துக் கடையை விட ஒரு குளிசைக்கு இரண்டு மூன்று ரூபா கூடத்தான். அரச மருந்துக் கடையான ஒசுசல பக்கத்தில் இருக்கிறவர்கள் அங்கேயே வாங்கலாம். காட் மெஷின் இருக்கிறது, வேலை செய்வதில்லை. ஊன்றுகோலோடும் செயற்கைக் காலோடும் வருகிறவர்களை இருபது நிமிடம் நிற்க வைத்துக் கேள்வி கேட்கிற கடையில் ஒரு கதிரை கிடையாது. முழங்கால் நோவுக்கு மருந்து வாங்க வந்தவர் முழங்கால் நோவோடுதான் போவார்.

போகிறவர்கள் கிளினிக் கொப்பியையும் வீட்டில் கிடக்கும் எல்லா அட்டையையும் பையோடு கொண்டு போங்கள், பாவித்து முடித்தவை உட்பட. மிஸ் எல்லாவற்றையும் கவிழ்த்துப் பார்ப்பார். வேறு ஆளுக்கு வாங்குவதென்றால் அவருடைய வயதும் பிரசர், சீனி விபரமும் தெரிந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அங்கிருந்தே வீட்டுக்குப் போன் எடுக்க வைப்பார். கிளினிக் நாள்களில் மத்தியானத்துக்கு முன்னர் போகாதீர்கள், கூட்டம் வீதிவரை நிற்கும். ஞாயிறு பூட்டு. ஐந்துக்கு நாலு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது கதிரைக்கு, போட்டதும் திருத்திவிடுகிறேன்.